காலித் தோட்டா இறங்க மறுத்தால்

"ஸ்பிரிங் போய்விட்டது, ஐயா."

.22 (தோட்டாவின் அங்குல அளவு) ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். சுடும்போது குறையில்லை. சுட்டு முடித்து, தோட்டா அறைகள் உள்ள உருளையான சிலிண்டரைத் திறந்து, தோட்டாவை வெளியே தள்ளும் கம்பியை அழுத்தினால் காலித் தோட்டாக்கள் அசைவதில்லை. உள்ளங்கை சிவந்துவிடுகிறது. அப்போது பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் மரச் சுத்தியலைத் தேடுகிறார். சுத்தியலுக்கு முன்னால் வந்தவருக்கு அரை மணி நேர வேலை. பின்னால் வந்தவரின் கம்பியும் வளைந்திருக்கும்.

ஸ்பிரிங் பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் தோட்டாவை வெளியே தள்ளுவது உங்கள் கை. தள்ளி முடித்தபின், கம்பியின் பின்முனையில் தோட்டாக்களின் விளிம்பைப் பிடித்துத் தூக்கும் நட்சத்திரத் தகட்டைத் திரும்ப உட்கார வைப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. அது அடியோடு செத்துப்போனாலும் தோட்டா வெளியே வரும். தகடு உள்ளே போகாது, அவ்வளவுதான். ஆகவே ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, வெளியே வந்த பித்தளைக் குழலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அது தன் உடம்பில் எழுதி வைத்திருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு சமவெளியில் உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது குன்னூரில், வெலிங்டன் பக்கம் போகும் சாலையில் குடியிருக்கிறேன். என் பெயரில் பழுதுபார்ப்பு உரிமம் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆயுதம் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. எனவே இப்போது நான் உலோகத்தின்மேல் கருவி வைப்பதில்லை. பார்ப்பேன், கேட்பேன், சொல்வேன். துடைப்பது, எண்ணெய் போடுவது, பிரஷ் ஓட்டுவது எல்லாம் உரிமதாரரே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு. தேய்ப்பது, குடைவது, நிமிர்த்துவது ஆகியவை உரிமம் பெற்ற பட்டறைக்காரரின் வேலை. கீழே இரண்டையும் கலக்காமல் சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

துப்பாக்கிக் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். சுட்டவை எத்தனை, சுடாதவை எத்தனை என்று எண்ணுங்கள். விளிம்பில், அடித்து வெடிக்கவைக்கும் ஊசியின் தழும்பு இருந்தும் வெடிக்காத தோட்டாவை, வெடித்து முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் துப்பாக்கிக் குழலை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள்; அதுவரை சிலிண்டரைத் திறக்கவும் வேண்டாம், சுழற்றவும் வேண்டாம்.

உயிருள்ள தோட்டா அறையில் சிக்கிக்கொண்டால் குச்சியால் தட்டி எடுக்கும் எண்ணமே வேண்டாம். .38 தோட்டாவுக்கு வெடிமருந்துப் பொட்டு நடுவில் தனியாக இருக்கிறது. .22இல் அது விளிம்பின் உள்மடிப்பு முழுவதும் தடவப்பட்டிருக்கிறது. விளிம்பின் எந்தப் பக்கம் நசுங்கினாலும் வெடிக்கக்கூடும். அப்படியே பட்டறைக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள்; எப்படிக் கொண்டுவருவது என்று அவர் சொல்வார்.

.22இல் ஏன் இந்தத் தொல்லை

ஊசி அடித்தால் விளிம்பு நசுங்க வேண்டும். அதற்காகப் பித்தளை மிக மெல்லியதாக இருக்கிறது. வெடிக்கும்போது அந்தப் பித்தளை உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவை அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விடுபடுகிறது. சுவர் வழவழப்பாக இருந்தால் விடுபடும். கரடாக இருந்தால், மெல்லிய பித்தளை அந்தக் கரட்டுக்குள்ளேயே புகுந்து பிடித்துக்கொள்ளும்.

சின்னத் தோட்டாதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. .22இல் நீளமான வகைத் தோட்டாவான லாங் ரைபிளுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. பழைய .38 ஸ்பெஷலுக்கு 17,000தான். மேலும் .22இன் ஈயக் குண்டு, பித்தளைக் குழலின் அதே பருமன். அதன்மேல் பூசிய மெழுகு வெளியில் தெரிய நிற்கிறது. அந்த மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து அறையில் படிகின்றன. ஆறு அறையோ ஒன்பது அறையோ, அத்தனையும் ஒரே கம்பியால், ஒரே அழுத்தில் வெளியே வர வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் அடம்பிடித்தாலும் மொத்தம் உங்கள் உள்ளங்கையில்தான் விழும்.

முதல் கேள்வி: வெறும் சிலிண்டரில் கம்பி எப்படி ஓடுகிறது?

இதை யாரும் செய்து பார்ப்பதில்லை. எல்லா அறைகளையும் காலியாக்கிவிட்டுக் கம்பியை மெதுவாக அழுத்தி விடுங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய் வந்தால் குறை அறைகளிலோ தோட்டாவிலோ இருக்கிறது. வெறுமையிலேயே சொரசொரவென்றோ இறுக்கமாகவோ ஓடினால் குறை கம்பியில், அல்லது நட்சத்திரத்தின் அடியில். பாதி நோய் இந்த ஒரு சோதனையில் பிரிந்துவிடும்.

வெறுமையிலேயே இறுக்கம்

போன மார்கழியில் கோத்தகிரியிலிருந்து ஒருவர் வந்தார். மாமனாரிடமிருந்து முறைப்படி தன் உரிமத்துக்கு மாற்றிக்கொண்ட ரிவால்வர்.

"காலையில் அசையவே மாட்டேன் என்கிறது, அண்ணா. மதியம் வெயிலில் வைத்தால் கொஞ்சம் இளகுகிறது" என்றார்.

"என்ன எண்ணெய் போடுகிறீர்கள்?"

"நல்ல எண்ணெய்தான். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். மலையில் தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை அடுப்பங்கரையில் வைத்து இளக்குகிறோம். அதையே கம்பித் துளைக்குள் ஊற்றினால் மெழுகுவத்தி வார்த்ததுபோல்தான் நிற்கும். போதாக்குறைக்கு, தாவர எண்ணெய்கள் நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். அவருடைய கம்பியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு பாகு. அதில் எரியாத வெடிமருந்துத் துகள்கள் எள்ளுருண்டையில் எள்போல் பதிந்திருந்தன.

இதற்கு நீலகிரித் தைலம் தடவிப் பார்த்தவர்களும் உண்டு. பிசினை அது நன்றாகவே கரைக்கும். ஆனால் ஆவியாகிப் போன பிறகு உலோகத்துக்குக் காவல் எதுவும் மிஞ்சாது. மண்ணெண்ணெய்க்கும் அதே குணம். எதைக்கொண்டு கரைத்தாலும், உலரத் துடைத்து, கம்பிக்கு இரண்டு சொட்டு மெல்லிய கனிம எண்ணெய் விடுங்கள். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத ஊரில் தையல் இயந்திர எண்ணெய் போதும். இரண்டு சொட்டுதான், ஊறவைக்க அது ஊறுகாய் அல்ல.

பிசின் இல்லாமலும் இறுகினால் நட்சத்திரத்தின் அடியைப் பாருங்கள். கம்பியை முழுக்க அழுத்திப் பிடித்து, தகடு எழும்பி நிற்கும்போது அதன் அடிப்புறத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். ஒரே ஒரு துகள் அங்கே இருந்தாலும் தகடு முழுதாக உட்காராது. பிறகு சிலிண்டர் மூடவே அடம்பிடிக்கும். மூடினாலும் சுழலக் கனக்கும். விசை கனமாகிவிட்டது என்று சொல்லி வந்த சிலருக்கு நான் செய்யச் சொன்னது இந்தத் துடைப்பு மட்டும்தான்.

கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. சிலிண்டரைத் திறந்து, விரலால் சுழற்றிவிட்டுக் கம்பியின் நுனியைக் கவனியுங்கள். நுனி ஒரே இடத்தில் நின்றால் நேர். வட்டம் போட்டால் வளைவு. சில தயாரிப்புகளில் கம்பி மரையில் திருகப்பட்டிருக்கும். அது கழன்று நீண்டுவிட்டால் சிலிண்டரையே திறக்க முடியாது. அதை இறுக்குவது பட்டறை வேலை. மரை சிலவற்றில் வலம், சிலவற்றில் இடம்; குறடு போட்டுத் தவறான பக்கம் திருகியவர்கள் தகட்டின் சிறு ஊசிகளையும் சேர்த்து உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

முதலில் நன்றாக வரும், நாற்பது ஐம்பது சுட்டபின் இறுகும்

இது நோயே அல்ல, சாதாரண அழுக்கு. புதுத் தோட்டாவைப் போடும்போதே தெரியும்: காலையில் தன் எடையில் விழுந்து உட்கார்ந்தது, இப்போது கட்டை விரலால் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளித்தான் உள்ளே போகிறது என்றால், வெளியே வரவும் தள்ளித்தான் ஆக வேண்டும். சுடும் தளத்துக்குப் போகும்போது பையில் துடைப்பதற்கான ஒரு குட்டைக் கம்பியும் வெண்கல பிரஷ்ஷும் இருக்கட்டும். ஐம்பதுக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் பின்பக்கமிருந்து நான்கு தரம் ஓட்டினால் போதும்.

அறைகளுக்குள் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். எண்ணெய்ப் பசையில் கரி இன்னும் கெட்டியாக ஒட்டும். பித்தளை சுவரைப் பிடித்து நிற்க முடியாமல் பின்னுக்குத் தள்ளப்படவும் செய்யும். சுடுவதற்கு முன் அறைகள் உலர்ந்திருக்க வேண்டும்.

முதல் சுற்றிலேயே எல்லா அறைகளும் இறுகினால்

இங்கே மூன்று சந்தேகங்கள் உண்டு.

ஒன்று, பழைய படிவு. வருடக்கணக்கில் துப்பாக்கிக் குழலை மட்டும் துடைத்து, அறைகளை மறந்த ரிவால்வர். கரி ஓடுபோல் இறுகியிருக்கும். அதை எடுக்கும் முறையைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இரண்டு, தோட்டாவில் களிம்பு. இது மலைக்கே உரிய வியாதி. தாத்தா காலத்துத் தோல் இடைவாரின் வளையங்களில் தோட்டாக்களைச் செருகி அலமாரியில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடி மாதச் சாரலில் தோல் ஈரத்தைக் குடிக்கும். தோல் பதனிட்ட பொருள்கள் பித்தளையோடு சேரும். பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு ஏறும். அந்தத் தோட்டாவைச் சுட்டால் களிம்பும் சேர்ந்து சுவரில் அப்பிக்கொள்ளும். களிம்பேறிய தோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். விளக்குக்குச் சரி. உயிருள்ள தோட்டாவைக் கழுவவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. விற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு முறையாக ஒப்படைத்துவிடுங்கள்.

மூன்று, அறைகள் செய்யப்பட்டபோதே கரடு. காலிக் குழலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உடம்பைச் சுற்றிலும் இசைத்தட்டின் கோடுகள்போல் நுண்ணிய வளையங்கள் தெரியும். தொழிற்சாலையில் குடைந்த கருவியின் தடங்கள் அவை. நல்ல பெயரெடுத்த தயாரிப்புகளிலும் இது உண்டு. சுத்தம் செய்து பலனில்லை. பட்டறைக்காரர் சரியான அளவுக் கருவியால் மெல்ல இழைத்து வழவழப்பாக்க வேண்டும். வீட்டில் எமரித் தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்தால் நடுப்பகுதி குடைந்து அறை பானை வயிறாகிவிடும். வாய் சிறுத்து வயிறு பெருத்த பானையில் உப்பிய பித்தளை எப்படி வெளியே வரும்? அந்தச் சிலிண்டருக்கு அப்புறம் வைத்தியம் கிடையாது.

ஒன்றிரண்டு அறைகளில் மட்டும் இறுக்கம்

எனக்கு மிகவும் பிடித்த குறி இதுதான். காரணம், திருடன் தடயத்தோடு இருப்பான்.

சிலிண்டரின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் அறைகளுக்கு எண் போடுங்கள். தோட்டாவின் அடியில், வெளிப்பக்கம் பார்த்த இடத்தில், பேனாவைத் தேய்க்காமல் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள். சுட்டபின் கம்பியை அழுத்தாமல் ஒவ்வொரு காலிக் குழலையும் தனித்தனியாக முன்பக்கமிருந்து மூங்கில் குச்சியால் தள்ளி எடுங்கள். எந்த எண் அடம்பிடித்தது என்று எழுதி வையுங்கள். கதவு திறந்து ஒன்றொன்றாகத் தள்ளும் பழைய வகை ரிவால்வரில் இந்த வேலை மிச்சம்; கை தானே சொல்லிவிடும்.

இப்போது குழலைப் படியுங்கள். விளிம்பை ஒட்டி ஒரே பக்கத்தில் நீளவாக்கில் கீறல், அதுவும் ஊசி அடித்த இடத்துக்கு நேராக இருந்தால், வெறுமையில் விசையை அழுத்தியதன் பலன் அது. .22இன் ஊசி நடுவில் அடிப்பதில்லை, ஓரத்தில் அடிக்கிறது. தோட்டா இல்லாதபோது பல ரிவால்வர்களில் அந்த ஊசி நேராக அறையின் வாயோரத்தில் இறங்கும். எஃகு நசுங்கி, உள்பக்கமாக ஒரு சிறு பிசிறு எழும். பஞ்சு முனைக் குச்சி ஒன்றை வாயோரத்தில் சுற்றினால் பஞ்சு அந்த இடத்தில் மாட்டும். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் 'டக், டக்' என்று விளையாடிய அலமாரித் துப்பாக்கிகளில் எல்லா அறைகளிலும் இந்தப் பிசிறு இருக்கும். பிள்ளைகளின் கைக்கு அது எப்படி எட்டியது என்பதை நான் உரிமதாரரிடம் தனியாகக் கேட்பேன். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பிசிறை அரத்தால் ராவிவிடலாமே என்பார்கள். ராவினால் அந்த இடத்தில் உலோகமே இல்லாமல் போகும். பிறகு ஊசி அடிக்கும்போது விளிம்புக்குப் பின்தாங்கல் இருக்காது. வெடிக்காமல் போகும் தோட்டாக்கள் பெருகும். தெரிந்த பட்டறைக்காரர் அறையின் அளவுக்கே செய்த கடின எஃகுக் கூம்பை நுழைத்து, நசுங்கிய உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளுவார். ஒன்றும் வெட்டப்படுவதில்லை. சில நிமிட வேலை. அதற்குப் பிறகு வெறுமையில் அழுத்திப் பழக வேண்டுமென்றால் அதற்கென விற்கும் பொய்த் தோட்டாக்களைப் போட்டு அழுத்துங்கள்.

கீறல் இல்லாமல் குழலின்மேல் மணல் ஒட்டியதுபோல் சிறு மேடுகள் இருந்தால் அறையில் துருக்குழி. உப்பிய பித்தளை குழிக்குள் புகுந்து அச்செடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. குழி ஆழமில்லை என்றால் மெருகேற்றிச் சமாளிக்கலாம். ஆழமானால் அந்த அறையைக் காலியாக விட்டு, ஊசி அங்கே அடிக்காமல் பார்த்துச் சுடுவது ஒரு வழி. கோத்தகிரிக்காரரின் ரிவால்வரில் கம்பி சரியானபின் நான்காவது அறையில் இதுதான் தெரிந்தது.

ஷார்ட் நுழைகிறது, லாங் ரைபிள் பாதியில் நிற்கிறது

.22 ஷார்ட் 1857இல் வந்தது. அதே அகலத்தில் நீளமான உடலோடு லாங் ரைபிள் 1887இல் வந்தது. குட்டையின் பித்தளை 10.7 மில்லிமீட்டர் நீளம், நெட்டையின் பித்தளை 15.6. நெட்டைக்கான அறையில் குட்டையைச் சுடலாம், பலர் சுட்டார்கள். ஆனால் குட்டையின் வாய்க்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்து மில்லிமீட்டரில் கரியும் ஈயமும் மோதிரம்போல் படியும். பிறகு நெட்டையைப் போட்டால் பித்தளை அந்த மோதிரத்துக்குள் சொருகிக்கொண்டு சிக்கும். காலிக் குழலின் மேல்பாதியில் சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் ஐயமில்லை. பிரஷ் வைத்தியம்தான், கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

ஒரே ஒரு தயாரிப்புத் தோட்டா மட்டும் சிக்கினால் தோட்டாவை மாற்றுங்கள். அதிவேக வகையை விட்டுச் சாதாரண வேக வகைக்கு வந்ததும் குணமான ரிவால்வர்கள் உண்டு.

ஐந்து வருகிறது, ஒன்று நட்சத்திரத்தின் அடியில் போய்விடுகிறது

இது கையின் குறை. மேசைமேல் கிடத்தி மெதுவாக அழுத்தினால் பாதி எழும்பிய குழல் தகட்டிலிருந்து நழுவி அடியில் புகுந்துகொள்ளும். துப்பாக்கிக் குழல் வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, உள்ளங்கையால் கம்பியின் தலையில் ஒரே தட்டு, முழு ஓட்டத்துக்கும். காலித் தோட்டாக்கள் கீழே விழும். எரியாத துகள்களும் தகட்டின் அடியில் புகாமல் உதிரும். துப்பாக்கிக் குழல் குட்டையான வகைகளில் கம்பியும் குட்டை என்பதால் இந்த நிமிர்வு இன்னும் அவசியம். நடுவில் மடித்துத் திறக்கும் பழைய பிரிட்டிஷ் வகையில் திறக்கும் அசைவே தகட்டை எழுப்பும். அதைத் தயங்கித் தயங்கித் திறக்கக்கூடாது.

ஏற்கெனவே புகுந்துவிட்டதா? கம்பியை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிறு குச்சியால் அந்தக் குழலைப் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். தகட்டை நெம்பாதீர்கள்.

பித்தளைக் குழல் வெடித்திருந்தால், உப்பியிருந்தால்

நிறுத்துங்கள். இது சிக்கல் என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

முதலில், சிலிண்டர் எந்தத் தோட்டாவுக்கானது என்று பாருங்கள். 1959இல் வந்த .22 மேக்னத்தின் உடல் சற்றுப் பெரியது: லாங் ரைபிள் 5.7 மில்லிமீட்டர், மேக்னம் 6.1. சில ரிவால்வர்கள் இரண்டு சிலிண்டர்களோடு விற்கப்படுகின்றன. மேக்னம் சிலிண்டரில் லாங் ரைபிள் தாராளமாக நுழையும், சுட்டால் உப்பிப் பிளக்கும்.

சிலிண்டர் சரியாக இருந்தும் குழல்கள் நீளவாக்கில் பிளந்தால் தோட்டாவின் வயதைக் கேளுங்கள், அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கேளுங்கள். பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலம் வந்தால் தோட்டாக் குழல்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்துக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும்தான் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. உலோகவியலில் 'பருவ வெடிப்பு' என்றே அதற்குப் பெயர். இப்போது லாயம் இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்து உர அறையில், அம்மோனியம் சல்பேட் மூட்டைகளுக்கு மேலே பரண் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று தோட்டாப் பெட்டியை வைத்த கணக்குப்பிள்ளையை எனக்குத் தெரியும்.

பக்கத்து அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக வெடிமருந்து செய்கிறார்கள், தோட்டாவைப் பற்றி மலைக்காரனுக்கு நீ சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டார். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது மூன்றில் ஒன்று வாயில் கீறியிருந்தது.

சுத்தம் செய்யும் முறை

அவசரப்படாமல் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

துப்பாக்கிக் குழலுக்கான .22 பிரஷ் அறைக்குச் சற்றுத் தளர்வு. நுழையும், ஆனால் சுரண்டாது. ஓர் அளவு பெரிய .25 வெண்கல பிரஷ் கிடைத்தால் அதுவே உத்தமம். கிடைக்காவிட்டால் தேய்ந்த .22 பிரஷ்ஷின்மேல் மெல்லிய துணி இழையைச் சுற்றிக்கொள்ளலாம். எஃகு பிரஷ் வேண்டாம்.

துப்பாக்கிச் சால்வென்ட்டில் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியை ஒவ்வொரு அறையிலும் ஒருமுறை ஓட்டி, ஈரத்தோடு கால் மணி நேரம் விடுங்கள். அதற்குள் ஒரு தேநீர் குடிக்கலாம். பிறகு பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து நுழைத்து முன்பக்கம் முழுதாக வெளியே வரும்வரை தள்ளி, பிறகு இழுங்கள். பாதியில் திருப்பினால் வெண்கல மயிர்கள் மடிந்து பிரஷ் பாழாகும். அறைக்குப் பதினைந்து இருபது ஓட்டம். கறுப்பு மோதிரம் உள்ள இடத்தில் உள்ளேயே நிறுத்திக் கடிகாரச் சுற்றில் திருகுங்கள். மின் டிரில்லில் மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. கை நடுங்கினால் வாயோரம் போய்விடும், நான் சொல்லித் தருவதில்லை.

பிறகு ஃபிளானல் துணி. படையில் நான்குக்கு இரண்டு அங்குலத் துண்டாகத் தருவார்கள். வீட்டில் பழைய போர்வை போதும். துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கடைசியில் விளக்கை முன்பக்கம் பிடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். அறைச் சுவரில் வெளிச்சம் உடையாமல் ஓட வேண்டும். பிறகு ஒரு சோதனை: வெளியே வந்த காலிக் குழல் ஒன்றை அதே அறையில் மறுபடி நுழைத்துக் கவிழ்த்தால், உப்பிய குழல் என்பதால் கொஞ்சம் பிடிக்கலாம், ஆனால் விரல் நகத்தால் இழுத்தால் வந்துவிட வேண்டும். நகத்துக்கு வராத அறையின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

மலையில் வைத்திருப்பது, மலையிலிருந்து இறங்குவது

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். சாரல் மாதங்களில் செருப்பில் பூஞ்சை பூக்கும் ஊர் இது. உறைக்குள் மட்டும் பூக்காதா? எண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்த பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பையோடு வையுங்கள். பையை மாதம் ஒருமுறை சூடுகாட்டி உலர்த்த வேண்டும்.

பயிற்சிக்குக் கோவைக்கு இறங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. குன்னூரில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்துக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்புபோல் வேர்க்கும். அறைகளுக்குள்ளும் வேர்க்கும், வெளியே துடைப்பார்கள், உள்ளே மறந்துவிடுவார்கள். சேர்ந்தபின் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அறைகளில் உலர்ந்த துணி ஓட்டிவிட்டுத் தோட்டாவைப் போடுங்கள்.

தேர்தல் வரும்போது காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். பலர் சுட்ட அழுக்கோடு அப்படியே தோல் உறையில் போட்டுக் கொடுத்து, மூன்று மாதம் கழித்துத் துருவோடு வாங்கிவருகிறார்கள். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் அறைகளையும் சேர்த்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே அந்த எண்ணெயை அறைகளிலிருந்து துடைத்தெடுக்க வேண்டும். கோத்தகிரிக்காரர் இந்த முறை அப்படித்தான் செய்தார். நான்காவது அறை இன்னும் கொஞ்சம் பிடிக்கிறதாம். அதில் மட்டும் தோட்டா போடுவதில்லை.